சகலையின் ராஜாவை நான் வெட்டிய கதை

பொறாமைக்காரன் எவனும் தன்னைப் பொறாமைக்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை. 'நியாயம் கேட்கிறேன்' என்றுதான் சொல்வான். கேரளம் என்ற புது மாநிலம் பிறந்திருந்த சமயத்தில் நானும் அப்படித்தான் மும்முரமாக நியாயம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் நியாயத்துக்கு எதிரி ஒரே ஒரு ஆள்தான். என் சகலை காதர், அதாவது என் மனைவி ஜமீலாவின் தங்கையைக் கட்டியவன்.

காதர் என்ன தப்பு செய்தான் என்று கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருந்தான். மலையாளம், இங்கிலீஷ் இரண்டிலும் கடிதம் எழுதுவான். யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டான். (இந்தக் கடைசிக் குணத்தை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.)

எங்கள் வீடுகளில் விருந்தென்றால் சகன்தான். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, மேலே கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரே தட்டு என்பதால் யார் பக்கம் எந்தத் துண்டு போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். மாமனார் நல்ல கறியாகப் பார்த்துப் பிய்த்துக் காதர் பக்கம் தள்ளுவார். "சாப்புடுங்க மாப்ளே, வெக்கப்படாதீங்க" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "பெரிய மாப்ளே, அந்தத் தண்ணிச் செம்பக் கொஞ்சம் இப்பிடித் தள்ளுங்க" என்பார். நானும் தள்ளுவேன். தண்ணீரை அல்ல, தீயை விழுங்கிக்கொண்டு தள்ளுவேன்.

மாமனாருக்குப் பாலக்காட்டுக்குத் தெற்கே புதுநகரத்தில் வீடும் கடையும். சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குப் பலசரக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட, மாமனார் ஆசைப்பட்டு எடுத்துவந்தது ஒரு விசித்திரமான சதுரங்கப் பலகை. நாலு பக்கமும் சிறகு முளைத்தாற்போல் கட்டங்கள் நீண்டிருக்கும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை என்று நாலு படை. நாலு பேர் ஆடவேண்டும், கூட்டாளி என்று யாருக்கும் யாரும் கிடையாது.

எப்படி ஆடுவது என்று துரை சொல்லிவிட்டுப் போகவில்லை. அதனால் மாமனாரே சட்டம் போட்டார். ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும். உன் முறை வந்ததும் அவர் கடை எடைக்கல்லால் மேசையில் தட்டுவார். மூன்றாவது தட்டுக்குள் காயை நகர்த்தாவிட்டால் முறை போயிற்று. 'செக்' சொல்லி எச்சரிக்கும் மரியாதையெல்லாம் கிடையாது. ஒரு ராஜாவை யார் வெட்டுகிறாரோ, அந்த ராஜாவின் மிச்சப் படை அவருக்குச் சொந்தம். அந்த எடைக்கல் சத்தத்தில் எவனுக்கும் யோசனை ஓடாது.

எனக்கு மட்டும் ஓடியது. வெறி பிடித்தாற்போல் அந்த ஆட்டத்தைப் படித்தேன். வீட்டில் அட்டையில் கட்டம் போட்டு, பொத்தானும் புளியங்கொட்டையும் வைத்து, ஜமீலாவை எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்துவேன். அவள் மடியில் முறத்தை வைத்து ஏலக்காய்க் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்பாள்.

"இதோ பார் ஜமீலா. நாலு பேர் ஆட்டத்தில் முதலில் சண்டை போடுகிறவன் முட்டாள். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் லாபம் மற்ற இரண்டு பேருக்கு. ஒரு காயை வெட்டும்போது என்ன கிடைக்கிறது என்று பார்க்காதே, எந்த வழி திறக்கிறது என்று பார். உனக்கு அடுத்து நகர்த்துகிற ஆள்தான் உனக்கு எமன், அது வலப்பக்கத்து ஆள். சத்தம் போடுகிறவனுக்குப் பயப்படாதே. சும்மா உட்கார்ந்திருக்கிறவனைக் கவனி. யோசிக்க நேரமில்லையென்றால் கெடுதல் செய்யாத ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டுப் பேசாமல் இரு."

"இத்தனையும் ஞாவகம் வெச்சுக்கோணுமுங்களா?" என்பாள் ஜமீலா.

"உனக்கு எதற்கு? நான் வைத்துக்கொள்கிறேன்" என்பேன்.

இப்படி இருக்கையில் மாமனார் கம்பம்மெட்டில் ஏலக்காய் மண்டி ஒன்று போட முடிவு செய்தார். மலையிலிருந்து ஏலக்காய் இறங்கும் வழி அது. அந்தக் கடையை இரண்டு மருமகன்களில் ஒருவருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதுவரை என் அண்ணன் கடையில் அவர் பார்க்கும் பார்வைக்கு எழுந்து, அவர் செருமலுக்கு உட்கார்ந்து காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு கடை வாசலில் 'முதலாளி' என்று ஒருவன் என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அது போதும் எனக்கு.

மாமனாருக்கோ இரண்டு மகள்களில் யார் மனதையும் நோகடிக்க மனமில்லை. பெருநாளுக்கு மறுநாள், மதிய விருந்து முடிந்து கை கழுவியதும் பலகையைக் கொண்டுவரச் சொன்னார்.

"ரெண்டு மாப்ளைங்களும் கேளுங்க. கடைசில யாரு ராசா நிக்குதோ அவிங்களுக்குக் கம்பம்மெட்டுக் கச்சோடம். நாஞ் செயிச்சா கடையே போடலே. இது என்ற வாக்கு."

வழக்கமாக நாலாவது ஆளாக உட்காரும் மாமனாரின் தம்பி அன்றைக்குப் பார்த்துப் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். "ஜமீலா, நீ வந்து உக்காரு புள்ளே. ஆளு கொறையுது" என்றார் மாமனார். நான் பெருந்தன்மையோடு தலையாட்டினேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். எதிரே மாமனார். இடப்பக்கம் காதர், கடிகாரத்தோடு.

எடைக்கல் தட்டியது. நான் மனப்பாடம் செய்திருந்த அத்தனை தந்திரமும் அந்தக் கடிகாரத்தைக் கண்டதும் பறந்துவிட்டது. அரைமணி நேரம் முன்பு என் கண்ணெதிரே காதர் பக்கம் போன ஈரல் துண்டு நினைவுக்கு வந்தது. குதிரையை எடுத்து நேராக இடப்பக்கம் பாய்ந்தேன்.

அவன் சிப்பாயை வெட்டினேன். அவன் தேரை வாங்க என் தேரைக் கொடுத்தேன். மாமனார் ஒரு மந்திரியைச் சும்மா வைத்திருந்தார், எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எனக்கு அவருடைய மந்திரி எதற்கு? ஜமீலா ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திவிட்டுப் பேசாமல் இருந்தாள். பாவம், விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

காதருக்கு வியர்த்தது. ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன நல்ல குணம் போகவில்லை. "அண்ணே, என்னையவே பாத்துட்டு இருக்கறீங்க. உங்க வலதுபக்கம் தொறந்து கெடக்குதுங்க" என்றான்.

என்னே தந்திரம்! என் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறான் என்று எனக்குப் பளிச்சென்று புரிந்தது. "உங்க பக்கத்தப் பாருங்க தம்பி" என்று சொல்லி, என் ராஜாவுக்கு முன்னால் காவலுக்கு நின்ற ராணியைத் தூக்கிப் பலகையின் குறுக்கே வீசி, காதரின் ராஜாவை வெட்டினேன்.

அத்தோடு உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை. எழுந்து நின்றேன். வெட்டிய ராஜாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மாமியாருக்கும் கொழுந்தியாளுக்கும் கேட்கும்படி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

"காதர் தம்பி, வருத்தப்படாதீங்க. கம்பம்மெட்டுப் பக்கம் வந்தீங்கன்னா கடைக்கு வாங்க. சாயா வாங்கித் தாரேன். வேலை வெட்டி வேணும்னாலும் கேளுங்க, நம்ம கடைதான்!"

டொக். டொக்.

"ஏனுங்க, கொஞ்சம் உக்காருங்க" என்றாள் ஜமீலா. "உங்க ராசாவ எடுத்துக்கறேன்."

அவளுடைய மந்திரி, அவள் ஒவ்வொரு சிப்பாயாக நகர்த்தித் திறந்துவைத்திருந்த வழியில் வந்து, என் ராணி காலிசெய்துவிட்டுப் போன கட்டத்தைத் தாண்டி, என் ராஜாவின் மேல் உட்கார்ந்தது. சட்டப்படி என் படை அவளுக்கு. நான் காதரிடமிருந்து பிடுங்கிய படையும் அவளுக்கு. மூன்று படை ஒரு பக்கம், மாமனார் மறுபக்கம். அவர் பலகையை ஒரு சுற்றுப் பார்த்தார். எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டுத் தன் ராஜாவைத் தானே சாய்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும். என் கையில் காதரின் ராஜா இன்னும் உயரத்திலேயே இருந்தது. அதை எப்போது இறக்கினேன் என்று எனக்குத் தெரியாது.

நான் சமாளித்தேன். "மாமா, ஜமீலா செயிச்சா நான் செயிச்ச மாதிரிதானுங்களே? எல்லாம் ஒரே ஊடு."

"அதெப்பிடிங்க?" என்றாள் ஜமீலா. குரலில் கோபமே இல்லை, விலை சொல்கிற மாதிரி சொன்னாள். "நிக்கிறது என்ற ராசாதானுங்களே. உங்களுது செத்துப்போச்சுங்க."

மாமனார் வாக்குத் தவறாதவர் என்று ஊரே சொல்லும். அன்றைக்காவது தவறியிருக்கலாம். "கடை உன்ற பேருலதான் புள்ளே. யார வெச்சு நடத்துறேன்னு நீயே சொல்லு" என்றார்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "காதர் தம்பி ஏலத்துல வெல பேசட்டுமுங்க, நெதானமானவரு. இவரு காய் தரம் பிரிக்கட்டும், நல்ல கண்ணு."

அந்தக் கண்ணைப் பற்றிச் சொன்னபோது கதவுக்குப் பின்னால் மறுபடியும் சிரித்தார்கள். காதர் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டு, "சேந்தே போலாமுங்கண்ணே" என்றான். அதுதான் எனக்கு அன்றைக்கு விழுந்த அடியிலேயே பெரிய அடி.

போனோம். கம்பம்மெட்டில் 'ஜமீலா ஏலக்காய் மண்டி' என்று பலகை மாட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். கடை நன்றாகவே நடந்தது. காதர் பேசிய விலை ஒன்றும் சோடை போகவில்லை. ஜமீலா அதைச் சாப்பாட்டு வேளையில் பாராட்டாத நாளும் கிடையாது. அதுவரை ஒருவன் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு இரண்டு பேர் மேல் பட வேண்டியதாயிற்று.

இப்போது எங்களுக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் கடை வாசலில் யாராவது வந்து, "முதலாளி இருக்காங்களா?" என்று கேட்டால் போதும், நான் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். என் மகன் தராசிலிருந்து தலையைத் தூக்காமலே, "அத்தா, நீங்க உக்காருங்க. அம்மாவக் கேக்கறாங்க" என்பான்.

காதர் அப்போதும் சிரிக்கமாட்டான். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுவான்.