கோப்பி ஓ மூச்சு

ஒரு மனிதர் மூச்சு விடுவதை எதிர்த்துப் புகார் எழுதியவன் நான். அதுவும் நுரையீரல் நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்பில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடுவேன்.

ஜார்ஜ்டவுனில் ஆர்டர் மாமுவைப்போல் சத்தமாக மூச்சு விட்டவர் எவருமில்லை. ஆயுளில் பாதியை நாசி கண்டார் சோற்றுக்கடையில் நின்று, மேசையிலிருந்து அடுப்படிக்கு ஆர்டர் கத்தியே கழித்தவர். அடுப்புப் புகையும் சிகரெட்டும் சேர்ந்து அவர் நுரையீரலைக் கெடுத்தன. என்னுடையதற்குச் சிகரெட் மட்டுமே போதுமாயிருந்தது.

வகுப்பை நடத்திய பிசியோ மிஸ் சொல்லித்தந்தது எளிது. இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுக்க வேண்டும். நான்கு எண்ணும்வரை உதட்டைக் குவித்து மெல்ல விட வேண்டும். மாமு ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு, நாலுன்னா மேசை நம்பர் மாதிரி இருக்கு மிஸ்."

மூக்கால் இழுப்பார். பயிற்சிப் படியில் காலை வைத்ததும், "கோப்பி ஓஓஓஓ!" என்று பாலில்லாக் காப்பிக்கு ஆர்டர் கத்துவார். உதடு தானாகக் குவிந்துவிடும். மிஸ் எண்ணிப் பார்த்தார், சரியாக நான்கு. சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த சீனக் கிழவர், "மாமு, குராங் மானிஸ் லா!" என்று சர்க்கரையைக் குறைக்கச் சொல்வார். வகுப்பு முடிவதற்குள் எல்லோருக்கும் பசித்துவிடும்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடியில், நாலாம் மாடியில் அவர் வீடு. ஏற முடியாமல் தாசேக் கெலுகோரில் மகளிடம் இருந்தார். "அங்க கோழி கூவுது கிராணியாரே, மனுசன் சத்தமே இல்ல. நான் என் வீட்டுக்குப் போகணும்லா" என்பார். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவன் நான்.

அந்தக் கிராணி புத்திதான் வேலையைக் காட்டியது. ஒழுங்காக எண்ணிய நான் படியில் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர் மூன்று முடித்தார். பொறாமை. 'பிறருக்கு இடையூறு' என்று அழகான ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி மிஸ்ஸிடம் ரகசியமாகக் கொடுத்தேன். மனதுக்குள் எண்ணும்படி மிஸ் அவரிடம் சொன்னார். மாமு வாயை மூடினார். கூடவே மூச்சையும் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் படியில் முகம் கறுத்துச் சரிந்தவரை மிஸ் தாங்கி உட்காரவைத்தார்.

அதன்பின் அவர் வரவில்லை. நாலாம் மாடி வீட்டைக் காலி செய்யப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் தாசேக் கெலுகோருக்கு ஓடினேன்.

"புகார் எழுதினது நான்தான் மாமு. மன்னிச்சிடுங்க."

"தெரியும். அவ்வளவு நீளமா வேற யாரு எழுதுவா?"

"திரும்ப வாங்க."

"கத்துவேன்."

"கத்துங்க."

வகுப்பில் எல்லோர் முன்னிலும் என் தவற்றைச் சொல்லிப் புகாரைத் திரும்பப் பெற்றேன். சீனக் கிழவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து மாமு தம் வீட்டுக்கு ஏறினார். நானும் கூடவே. மாடிக்கு மாடி நின்று, கைப்பிடியில் சாய்ந்து, மூச்சு திரும்பியதும் ஏறினோம். மூன்றாம் மாடியில் ஒரு மலாய்க்காரப் பெண் கதவைத் திறந்து, "மாமு! சுடா பாலேக்?" வந்துவிட்டீர்களா என்று கேட்டாள். அவர் கையைக் காட்டி அவளைக் காக்கவைத்து, மூச்சை முழுக்க விட்டு முடித்த பிறகே "சுடா!" என்றார்.

நாலாம் மாடியில் கதவைத் திறந்தவர், தூசி தட்டி நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. உங்க மூச்சுதான் சரியில்ல."

இப்போது வியாழக்கிழமைதோறும் அந்த நான்கு மாடியும் ஏறுகிறேன். எந்த டாக்டரும் ஏறச் சொல்லவில்லை.