புனுகுப்பூனையின் மூன்று நாள் தாம்பத்யம்

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. காட்டுக்கு எதற்கு அலுவலகம் என்று கேட்பவர்களுக்கு அங்கே வேலை கிடைக்காது என்பதால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எந்த மிருகம் எந்த ஓடையில் தண்ணீர் குடித்தது என்று எழுதி வைப்பதுதான் அங்கே வேலை. ஓடைகள் வற்றிப் பல வருடம் ஆகியிருந்தன. வேலை மட்டும் குறையவே இல்லை.

அங்கே பதிவுப் பிரிவில் வேதவல்லி என்ற புனுகுப்பூனை ஒன்பது வருடமாக இருந்தாள். பண்டிகை நாள் வேலையெல்லாம் அவள் தலையில்தான் விழும். நீ தனியாள்தானேம்மா, உனக்கென்ன என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் குட்டிகளோடு கிளம்பிவிடுவார்கள். பிரிவுத் தலைவர் பதவி காலியானபோது, இவ்வளவு உழைத்ததற்கு அது தனக்குத்தான் என்று அவள் நம்பினாள். பாவம், உழைப்பவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. மேலாளர் கரடி ஆளவந்தாரின் கொள்கையோ வேறு. குடும்பம் இருக்கிறவர்களுக்குத்தான் பொறுப்பு இருக்கும் என்பார் அவர். உங்களுக்கு எத்தனை குட்டிகள் என்று அவரைக் கேட்டால், மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வார்.

அந்த நேரம் பார்த்துச் சுற்றறிக்கை வந்தது. தென்னந்தீவுக்கு மூன்று நாள் அலுவலகச் சுற்றுலா. தம்பதிகளுக்கு மட்டும். கடைசி நாள் காலைப் பலகாரத்தின்போது புதிய தலைவர் பெயர் அறிவிக்கப்படும். வேதவல்லி படிவத்தை வாங்கி, 'துணைவர் பெயர்' என்ற கட்டத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு தபால் பிரிவில் இருந்த உடும்பு தணிகாசலத்திடம் போய் விஷயத்தைச் சொன்னாள். மூன்று நாளும் சாப்பாடு அலுவலகத்தின் பொறுப்பா என்று மட்டும் அவன் கேட்டான்.

ஆறு மாதத்துக்கு முன்பே சத்தமில்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம் என்று இருவரும் அறிவித்தார்கள். யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. புனுகுப்பூனைக்கும் உடும்புக்கும் எப்படி என்றும் கேட்கவில்லை. அது முற்போக்கான அலுவலகம். உங்கள் இருவரில் யார் உசந்த இனம் என்று மட்டும் ஆளவந்தார் தனியாகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டார்.

முதல் நாள் படகுத்துறை வரிசையிலேயே வம்பு வந்தது. படகுச் சீட்டு தணிகாசலத்தின் போனில் இருந்தது. போனில் சார்ஜ் இல்லை. பின்னால் நின்ற காட்டெருமைகள் எல்லாம் கத்த ஆரம்பிக்க, வேதவல்லி நிஜமாகவே எரிந்து விழுந்தாள். அவன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தபோது ஆளவந்தார் வந்து உடும்பின் முதுகில் தட்டினார். "இப்பதான்யா நம்பிக்கை வருது" என்றார்.

இந்த மாதிரிக் கதைகளில் அறையில் ஒரே ஒரு கட்டில்தான் இருக்கும். இங்கேயும் அப்படித்தான். ஆனால் உடும்பு உத்திரத்தில் ஏறிப் படுத்துக்கொண்டதால் ஒன்றும் நடக்கவில்லை. இதற்காகவே படிப்பவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடலாம்.

நடந்தது மறுநாள் கடற்கரையில். இளநீர் வரிசையில் அரை மணி நேரம் நின்று, அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்து, தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்தான். "பண்டிகைக்கெல்லாம் ஆபீஸ்லயே இருப்பீங்களே, அன்னைக்குக் கடை ஒண்ணும் இருக்காதே. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். ஒன்பது வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவனும் ஒன்றைச் சொன்னான். இலாகாப் பரீட்சையில் நான்கு தடவை தோற்றிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வீட்டில், பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று சொல்லிவிடுவான். இது யாருக்கும் தெரியாது. அவள் சிரிக்கவில்லை. அந்த நிமிடம் அவளுக்கு அவன்மேல் ஆசை வந்தது. அவனுக்கும் வந்திருந்தது.

ஆபத்து அதில்தான் இருந்தது. மதியத்துக்குள் தீவு முழுக்கப் பேச்சு. ஒருத்தர் தட்டில் ஒருத்தர் வாழைப்பழம் வைக்கிறார்களாம். அவள் பேசும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கிறானாம். சாயங்காலம் ஆளவந்தார் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"இருபத்திரண்டு வருஷமா குடும்பம் நடத்துறேன். பொண்டாட்டி பேசும்போது போனைக் கீழ வெச்சுட்டுக் கேக்குற புருஷனை நான் பார்த்ததில்ல. நீங்க நிஜமாவே கல்யாணம் ஆனவங்கதானா?"

நாளைக் காலை வரைக்கும் பார்ப்பேன், இல்லையென்றால் பதவி நரி எத்திராஜுக்கு என்று முடித்துவிட்டார். எத்திராஜும் அவன் மனைவியும் படகு ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர்களைக் காட்டித்தான் ஆளவந்தார் எல்லோருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

வேதவல்லி அறைக்கு வந்து அழுதாள். தணிகாசலம்தான் வழி சொன்னான். காலையில் எல்லோர் முன்னாலும் தன்னை நன்றாகத் திட்டும்படியும், தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதாகவும் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

காலையில் கரடி புட்டில் தேனை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் ஆரம்பித்தாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதைச் சொன்னாள். குறட்டையைச் சொன்னாள். குரலில் காரமே வரவில்லை. பிரியம் வந்தால் குரல் எங்கே எழும்பும்? எத்திராஜ் மீசைக்குள் சிரித்தான். ஆளவந்தார் தேன் கிண்ணத்தை வைத்துவிட்டு எத்திராஜ் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். ஒன்பது வருடம் கைநழுவிப் போவது வேதவல்லிக்குத் தெரிந்தது.

"நாலு தடவை பரீட்சையில ஃபெயிலான உன்னைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டேன்?" என்றாள். "தேதி தள்ளிப்போச்சுன்னு வீட்டுல பொய் சொல்லிட்டுத் திரியுற ஜென்மம்தானே நீ?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மெதுவாக எழுந்து, தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே போனான். ஆளவந்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்பம் என்றால் இதுதான் என்று சொல்லி, வேதவல்லியின் பெயரை அறிவித்தார். எல்லா ஜோடிகளும் கைதட்டின.

ஊர் திரும்பிய மறுவாரமே தணிகாசலம் வேறு காட்டுக்கு மாற்றல் கேட்டு எழுதினான். படிவம் பிரிவுத் தலைவியின் மேசைக்கு வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே 'மனைவியின் சம்மதம்' என்று இன்னொரு கட்டம் இருந்தது. வெளியே தபால் பிரிவில் அவன் பெட்டியைக் கட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஆளவந்தார் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதிலும் கையெழுத்துப் போட்டாள்.

நீதி: பொய்க் கல்யாணம் செய்துகொள்பவர்கள் ஒருவரையொருவர் நேசித்துத் தொலைக்கக் கூடாது. தவறிப்போய் நேசித்துவிட்டால், நாலு பேர் பார்க்கக் கேவலப்படுத்திவிடவும். பதவி உயர்வு நிச்சயம்.