பச்சைமுத்துவின் பாய்மரப் பயணம்

இந்தக் கோடையில் மூன்று நாளாவது அங்காளம்மாள் இல்லாமல் வாழ்ந்து பார்த்துவிடுவது என்று திண்டிவனத்தில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை வியாபாரம் செய்யும் பச்சைமுத்து முடிவெடுத்தார். பெண்டாட்டி மேல் அவருக்குக் கோபமெல்லாம் கிடையாது. அவள் ஊற்றும் கேப்பைக் கூழின் மேல்தான் கோபம்.

ஜனவரியில் டாக்டர் சர்க்கரை என்று சொன்ன அன்றே வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. வறுத்த மீன் நாடு கடத்தப்பட்டது. காலையில் கூழ், ராத்திரி களி. போதாக்குறைக்கு தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். அடியை எண்ணும் ஆப் ஒன்றை அவர் செல்போனில் போட்டுக் கொடுத்து, ராத்திரி அதைப் பார்த்த பிறகுதான் அங்காளம்மாள் தட்டையே எடுத்து வைப்பாள்.

பச்சைமுத்து ஒரே ஒரு வாரம் நடந்தார். எட்டாம் நாள் மண்டியில், மல்லாட்டை சலிக்கிற மோட்டார் சல்லடை டடக் டடக்கென்று ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். செல்போனைத் துண்டில் முடிந்து சல்லடையின் ஓரத்தில் கட்டினார். இரண்டு மணி நேரத்தில் போன் பன்னிரண்டாயிரம் அடி நடந்திருந்தது. அன்று முதல் போன் நடந்தது, அவர் நாற்காலியில் சாய்ந்து போண்டா தின்றார். கரண்ட் இல்லாத நாளில் மட்டும் சல்லடையும் படுத்துக்கொள்ளும், அவரும் படுத்துக்கொள்வார்.

பக்கத்து வீட்டு சவுரியம்மாளிடம் அங்காளம்மாள் பெருமை அடித்துக்கொண்டாள். இவர் நடக்கிற வேகத்துக்கு நாளைக்கே செஞ்சிக் கோட்டை ஏறுவார் என்றாள். கேட்டுக்கொண்டே உள்ளே போனவர் வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினார்.

அந்த நேரத்தில்தான் கோட்டக்குப்பத்து நிஜாமுதீன் மண்டிக்கு வந்தார். துபாயில் பாய்மரப் படகு ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர், சொந்தமாக ஒரு படகு வைத்திருந்தார். கோடை லீவுக்குக் கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் மூன்று நாள் பயணம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார். நடக்க முடிந்தவர்கள் கரையோரமாக நடப்பார்கள். கழிமுகத்தில் இறங்கி, நடுவில் தீவு மாதிரி இருக்கும் திட்டுகளில் ஏறிச் சுற்றிப் பார்ப்பார்கள். முடியாதவர்கள் பாய் நிழலில் உட்கார்ந்து படகில் வருவார்கள். படகிலேயே அடுப்பு, அடுப்பில் மீன். மீன் வறுப்பது நிஜாமுதீனின் மனைவி குல்சும் பீவி.

பச்சைமுத்துவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. படகில் வருகிறேன் என்று அங்கேயே பெயர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து வேறு கதை சொன்னார்.

“மூணு நாளும் நடைதான் அங்காளம். மணல்ல, கத்திரி வெயில்ல. உனுக்கு முட்டி வலி வேற. உன்ன இட்டுகினு போய்க் கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரல.”

“நோட்டீஸ்ல படகு போட்டுக்கீதுங்களே?”

“அது மூட்டை ஏத்தறதுக்கு.”

அங்காளம்மாள் நோட்டீஸை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள். சரி, போய்ட்டு வாங்க என்றாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது இதற்கு முன் மூன்றே தடவை. மூன்று தடவையும் அவர்தான் மாட்டிக்கொண்டார். வறுத்த மீன் நினைப்பில் அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் அங்காளம்மாள் புதுச் சேலையில், கையில் பையுடன் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ எங்க வர்ற? முட்டி வலின்னியே?”

“எனக்குத்தாங்க முட்டி வலி. படகுக்கு இல்லியே.”

கோட்டக்குப்பம் கடற்கரையில் நிஜாமுதீன் பட்டியல் படித்தார். படகில் அங்காளம்மாள். நடையில் முதல் பெயர் பச்சைமுத்து. என்ன பாய் இது, படகு என்றுதானே சொன்னேன் என்று இவர் கிசுகிசுத்தார். நிஜாமுதீன் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். நாலு மாசமாகத் தினமும் பன்னிரண்டாயிரம் அடி நடந்ததை அங்காளம்மாள் அக்கா நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தாராம். இப்படிப்பட்ட ஆளைப் படகில் உட்கார வைத்தால் பாவம் என்று சொல்லி, நடக்க வந்த மற்ற பத்துப் பேருக்கும் தலைவராக்கி, கழுத்தில் ஒரு விசிலும் மாட்டினார். படகில் ஏற வேண்டுமானால் சல்லடை கதையை ஊரறியச் சொல்ல வேண்டும். பச்சைமுத்து விசிலை ஊதிவிட்டு நடந்தார்.

முதல் மைலில் செருப்பு அறுந்தது. இரண்டாவது மைலில் ஆளே அறுந்தார். கூப்பிடு தூரத்தில் படகு கூடவே வந்தது. பாய் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து அங்காளம்மாள் அவருக்குக் கை ஆட்டினாள். மத்தியானம் கடல்காற்று கரைப் பக்கம் திரும்பியது, வறுத்த மீன் வாசனையையும் தூக்கிக்கொண்டு. கரையில் கூடிச் சாப்பிடும்போது அவள் தூக்கைத் திறந்தாள். கூழ்.

“குல்சும் அக்கா உங்களுக்கும் ரெண்டு துண்டு குடுத்தாங்க. உடம்புக்கு ஆகாதேன்னு நானே சாப்ட்டுட்டேன்.”

மறுநாள் கழிமுகம். முழங்கால் சேற்றில் இறங்கி ஒரு திட்டில் ஏறினார், இறங்கினார், அடுத்ததில் ஏறினார். தீவு என்றால் தென்னை மரமும் ஊஞ்சலும் இருக்கும் என்று நினைத்திருந்தவருக்கு நண்டும் முள்ளும்தான் கிடைத்தன. தலைவர் எங்கே உட்கார்ந்தாலும் பின்னால் வந்த பத்துப் பேரும் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்கள். வெட்கத்துக்குப் பயந்து மறுபடி விசில் ஊதினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மரக்காணம் வந்து சேர்ந்தபோது அவர் உள்ளங்காலில் ஏழு கொப்புளம். அங்காளம்மாள் குல்சும் பீவியிடம் வெந்நீர் வாங்கி வந்து, தன் முட்டி வலியோடு மணலில் உட்கார்ந்து, அவர் காலைக் கழுவிவிட்டாள்.

“எங்கப்பாருக்கு சக்கரையாலதான் ரெண்டு விரலை எடுத்தாங்க. ஒங்களுக்கும் அப்டி ஆயிடுமோன்னு எனக்கு ஒரே பயங்க,” என்றாள்.

பச்சைமுத்துவுக்கு இவளையா ஏமாற்றினோம் என்று வெட்கமாக இருந்தது. இனிமேல் நிஜமாகவே நடப்பது, அதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்தார்.

“அங்காளம், அந்தப் போன்ல காட்டுச்சே, அது வந்து...”

அவள் காலைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

“எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகங்க. மண்டியில கரண்ட் இல்லாத அன்னிக்கு மட்டும் ஒங்க காலு ஏங்க ஓடல?”