முதல் பாகத்துக்காரர்

சினிமா ரசிகர்களில் பல வகை உண்டு. எழுத்துப் போடும்போதே விசிலடிப்பவர், பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கதையைச் சொல்லிக்கொண்டே பார்ப்பவர், முறுக்குத் தட்டு வரும்போது மட்டும் கண் விழிப்பவர். இவர்களையெல்லாம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். விடவே முடியாத இனம் ஒன்று உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவர்தான் முதல் பாகத்துக்காரர்.

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். ஓடி முடிந்த படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் ஒரு மூலையில் துணுக்கு வந்தால் போதும். அன்றைக்கே டீக்கடை பெஞ்சில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து, டீயை ஆற்றி, ஒரு வாய் உறிஞ்சி, எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, "முதல் பாகம் மாதிரி வராதுப்பா" என்று பெருமூச்சு விடுவாரே, அவரேதான். படம் பார்த்துவிட்டாரா? இன்னும் எடுக்கவே இல்லை. எடுத்த பிறகாவது பார்ப்பாரா? எதற்கு? தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. முதல் பாகத்தைவிட இரண்டாவது நன்றாக வந்திருக்கிறது என்று யாராவது தெரியாத்தனமாகச் சொன்னால், அவரை மேலும் கீழும் பார்த்து, "அப்போ நீ முதல் பாகத்தை ஒழுங்கா பாக்கல" என்பார். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

கள்ளக்குறிச்சியில் இந்த இனத்துக்குத் தலைவர், துருகம் ரோட்டில் உரக்கடை வைத்திருந்த தெய்வசிகாமணி. யூரியா வாங்க வந்த குடியானவரிடம், "போன லோடு வந்துதே, அதுதான் யூரியா. இது சும்மா உப்பு" என்று தன் கடைச் சரக்கையே மட்டம்தட்டி அனுப்பிய ஒரே வியாபாரி அவர்தான். காபியில் முதல் டிகாக்‌ஷன், பந்தியில் முதல் பந்தி, பேருந்தில் காலை முதல் வண்டி. எண்பத்தேழாம் வருஷம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் நடந்து, புளியமரங்களைச் சாய்த்துப் போட்டு ஊரே முடங்கிக் கிடந்தபோதும், "போன வருசம் ஒருநாள் பண்ணாங்க பாரு, அதுதான் மறியல்" என்று சொல்லிவைத்தார். மறியலில் இருந்த பகலவன் என்கிற வாலிபன், "ஒருநாள் பண்ணதுக்கு ஒருத்தனும் திரும்பிப் பாக்கலிங்க. அதனாலதான் இப்ப ஒரு வாரம்" என்றான். இரண்டாம் பாகம் எடுக்க இதைவிட நல்ல காரணம் எவனும் சொன்னதில்லை. தெய்வசிகாமணி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

சினிமா, யூரியா, மறியல் என்று இதோடு நின்றிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் வீட்டிலேயே ஓர் இரண்டாம் பாகம் இருந்தது.

அதன் பெயர் செவ்வந்தி. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துப் பெண். மூத்தவள் கொளஞ்சியம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, தனியாகக் கிடந்த தெய்வசிகாமணிக்கு உறவுக்காரர்கள் பார்த்துக் கட்டிவைத்தவள். வந்த நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே பாட்டு, "மூத்தவ கைப்பக்குவம் வராது." ரசம் வைத்தால் அது வராது. கோலம் போட்டால் அது வராது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால்கூட, மூத்தவள் காட்டினால் மாடு இன்னும் இரண்டு வாய் அதிகமாகக் குடிக்குமாம். செத்துப்போனவள்மேல் கோபப்பட முடியுமா? பட முயன்றாள். சுவரில் மாட்டிய படத்தில் கொளஞ்சியம்மாள் பாவமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கோபப்படுவது?

எல்லாம் சேர்ந்து ஒருநாள் தாங்காமல் போனது. அது கொளஞ்சியம்மாளுக்கு வருஷப் படையல். விடியலில் குளித்து, உளுந்தை அரைத்து வடை தட்டி, பாயசம் காய்ச்சி, மூத்தவளுக்குப் பிடிக்கும் என்று சொல்லக் கேட்டிருந்த கத்தரிக்காய்க் குழம்பை விசாரித்து விசாரித்து வைத்து, இலை போட்டாள் செவ்வந்தி. உறவுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லும் தறுவாயில், தெய்வசிகாமணி வடையைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். தலையை ஆட்டினார்.

"இன்னா இருந்தாலும் இந்தப் படையல அவளே செஞ்சிருந்தா அது வேற மாதிரி இருந்திருக்கும்."

பந்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னதில் என்ன கோளாறு என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை. செவ்வந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று சாயந்திரமே ஒரு பையில் நான்கு புடவையை மடித்து வைத்துவிட்டாள். தாய்வீட்டுக்குப் போகிறாள், திரும்பி வரப்போவதில்லை. சண்டை போட்டுவிட்டுப் போகிறவள் என்றாவது திரும்பி வருவாள். அவளோ ஒரு வார்த்தை பேசவில்லை. விடிந்தால் கிளம்பியிருப்பாள். விடிந்தபோது மறியல் தொடங்கிவிட்டது. கச்சிராயபாளையத்துக்குப் பஸ் இல்லை.

அந்த வாரம்தான் ஊரில் செல்வநாயகி டாக்கீஸில் 'கோமுகி வீரன்' ஓடிக்கொண்டிருந்தது. பழைய படம். வெள்ளிக்கிழமை 'மறுபடியும் கோமுகி வீரன்' வரப்போகிறது, அதற்கு முன் ஜனங்களுக்குக் கதையை ஞாபகப்படுத்தலாம் என்று மேனேஜர் நாராயணசாமி முதல் பாகத்தைத் திரும்பப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை வந்தது, படப்பெட்டி வரவில்லை. பெட்டி ஏற்றிய பஸ் எலவனாசூர்கோட்டையிலேயே நின்றுவிட்டது. நாராயணசாமி விடவில்லை. இரண்டு ஆட்களைச் சைக்கிளில் அனுப்பி, ஏரிக்கரையும் வரப்புமாகச் சுற்றி, பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். வழிமறித்தவர்கள் பெட்டிக்குள் என்ன என்று கேட்டு, படம் என்றதும், சண்டைக் காட்சி எத்தனை என்று விசாரித்துவிட்டு விட்டார்களாம். போஸ்டர் கட்டு மட்டும் பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டது. அதனால் வாசலில் பழைய போஸ்டர், உள்ளே புதுப் படம்.

கடை மூடிக் கிடக்க, வேலையில்லாமல் இருந்த தெய்வசிகாமணிக்கு அன்று மத்தியானம் ஓர் எண்ணம் வந்தது. "கிளம்பு செவ்வந்தி. மறியல் முடிஞ்சி புதுசு வர்றதுக்கு முன்ன ஒரு வாட்டி முதல் பாகத்தைக் காட்டுறேன். படம்னா இன்னான்னு நீயும் தெரிஞ்சிக்கோ."

செவ்வந்திக்குப் போக மனமில்லை. ஆனால் கட்டிய பையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலாம் என்று கிளம்பினாள். பெண்கள் வரிசையில் கூட்டம் கம்மி என்பதால் வழக்கம்போல அவளிடமே காசைக் கொடுத்து டிக்கெட் எடுக்க அனுப்பிவிட்டு, அவர் சோடாக் கடையில் நின்று, இரண்டாம் பாகம் என்பதையே அரசாங்கம் தடை செய்ய வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். கவுண்டரில் இருந்த ரங்கம்மாள், "பெட்டி வந்துட்ச்சிம்மா. ஓடறது ரெண்டாம் பாகம்" என்றாள்.

செவ்வந்தி டிக்கெட்டோடு வந்தாள். "இன்னாங்க, உள்ள ஓடறது..."

"எனக்குத் தெரியாதா இன்னா ஓடுதுன்னு? வா வா."

தெரியாதா என்று கேட்பவரிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அவள் வாயை மூடிக்கொண்டாள். சோடா முடிந்து உள்ளே போனபோது எழுத்தெல்லாம் போட்டு முடிந்திருந்தது.

அதன்பின் நடந்ததைச் செவ்வந்தி சாகும்வரை மறக்கமாட்டாள். "இப்ப பாரு, மாமரத்துல இருந்து குதிப்பான்" என்றார். வீரன் குதிரையில் வந்தான். "வெட்டிட்டானுங்க. அந்த சீனை வெட்டிட்டானுங்க." கதாநாயகியாக வேறொரு நடிகை வந்து நின்றாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பிரிண்ட் தேஞ்சிபோச்சி. பொண்ணோட மூஞ்சியே மாறிப்போச்சி பாரு." இப்படிச் சொன்னவர் கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்தினார். துண்டை மடியில் வைத்தார். வீரன் ஊர் திரும்பி, தன் குடிசை வாசலில் நிற்கிறான். உள்ளே அவன் மனைவி அடுப்பூதிக்கொண்டிருக்கிறாள். கூப்பிட வாயெடுத்தவனுக்குக் குரல் வரவில்லை.  தெய்வசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் துடைத்துக்கொண்டார். இந்த மனிதருக்கும் கண்ணீர் வருமா என்று செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் வந்தது. மூத்தவளை நினைத்து அழுகிறாரோ என்று தோன்றியது. அழட்டும், அதிலென்ன தப்பு என்றும் தோன்றியது.

படம் விட்டதும் நேரே டீக்கடை. செவ்வந்தி ஓரமாக நின்றாள். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து அவர் சொன்னார்: "இதுக்கு மேல ஒருத்தன் படம் எடுக்க முடியுமா? அந்தக் குடிசை சீன் ஒண்ணு போதும். இதுக்குப் போயி ரெண்டாம் பாகம் எடுக்கறானாம், ரெண்டாம் பாகம்."

பகலவனும் அதே காட்சியிலிருந்துதான் வந்திருந்தான். "இப்ப நீங்க பாத்ததுதாங்க ரெண்டாம் பாகம். முதல் பாகத்துல குடிசையே கெடையாதே."

பெஞ்சே அவர் முகத்தைப் பார்த்தது. செவ்வந்தியும் பார்த்தாள். கட்டிவைத்த பையை அவிழ்ப்பதா வேண்டாமா என்பது அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருந்தது. ஏமாந்துட்டேன், நல்லாத்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், புடவைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டிருப்பாள்.

தெய்வசிகாமணி டீயை ஒரு வாய் குடித்தார். கூரைக்கு மேலே பார்த்தார்.

"அதான் பாத்தேன். ஏதோ ஒண்ணு கம்மியா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன்."

மரங்களை அப்புறப்படுத்தி முதல் பஸ் விட்ட காலையில் செவ்வந்தி போய்விட்டாள். போகும்போது, "கண்ணால பாத்து அழுத படத்துக்கே இந்த கதின்னா, எனக்கு இன்னா கதி?" என்று மட்டும் கேட்டாள்.  நாலு நாள் கழித்து வந்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். வரவில்லை. ஓட்டலில் சாப்பிட்டார், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாடு தண்ணீர் குடிக்க மறுத்தது. இருட்டினால் வீட்டுக்குப் போகவே பிடிக்காமல் கடையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். இவரும் மனிதர்தான், தவித்துப்போனார்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் கச்சிராயபாளையத்துக்குப் போய் இறங்கினார். மாமியார் வீட்டில் ஒருவரும் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை, இலையைப் போட்டார்கள். செவ்வந்திதான் பரிமாறினாள். முகத்தைப் பார்க்காமல் சோறு வைத்தாள், தான் வைத்த கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினாள். இந்த மனிதர் இப்போது என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று அவளுக்குத் தெரியும். வழியெல்லாம் அவரும் ஏதேதோ யோசித்து வைத்திருந்தார். ஒரு வாய் பிசைந்து போட்டதும் அத்தனையும் மறந்துபோய், பிறவிக் குணம் வாயில் வந்து நின்றது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ப வூட்ல நீ வெச்சிக்கினு இருந்தியே, அந்தக் குழம்பு மாதிரி வராது."

செவ்வந்தி கரண்டியோடு அப்படியே நின்றாள். "இன்னாங்க சொன்னீங்க?"

"அந்தப் பக்குவம் இதுல கெடையாது. அது வேற."

நாலு வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்தது இதுதான். புகாராக வந்தால் என்ன? அவரிடம் பாராட்டு வேறு எந்த வழியாக வந்துவிடப்போகிறது? அந்தக் குழம்பு வைத்தவளும் இந்தக் குழம்பு வைத்தவளும் தானேயாகி, கடைசியில் அவளும் ஒரு முதல் பாகம் ஆகிவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று புரியாமல் அவர் இலையைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். அன்று சாயந்திர பஸ்ஸில் இருவரும் ஊர் திரும்பினார்கள்.

இந்த இனம் அழிந்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாகப் போய்விடாதீர்கள். நீங்களும் அந்த இனமா என்று பார்க்கக் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை, ஒரே ஒரு கேள்வி போதும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, மறியல் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, அந்தப் பெண்பிள்ளை வந்த பிறகு ஆரம்பத்தில் இருந்த சுவாரசியம் போய்விட்டது என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், வணக்கம் ஐயா. டீக்கடையில் உங்களுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.