மடையான் நிற்கிற மனை

மனைத் தரகர்களில் எத்தனையோ ரகம் உண்டு. இல்லாத கிணற்றைக் காட்டி விற்றவர்கள் இருக்கிறார்கள். சுடுகாட்டுப் பக்கத்து இடத்தை ‘அமைதியான சூழல்’ என்று விற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துக்கொண்டு போய், மனையைக் காட்டி, “இத மட்டும் வாங்கிடாதீங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பிய தரகர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சிதம்பரத்துக்காரர். பெயர் மடையான்.

மடையன் இல்லை, மடையான். இரண்டுக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். ஏரி ஓரத்திலும் வயல் வரப்பிலும் மண் நிறத்தில், பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தம்பி மாதிரி, தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரு குட்டைக் கொக்கு நிற்குமே, அதற்குத்தான் மடையான் என்று பெயர். பக்கத்தில் போகும்வரை அது இருப்பதே தெரியாது. பறந்தால் பளீரென்று வெள்ளை. அந்தக் கொக்கைப் பற்றி அவர் பேசாத நாளே இல்லை என்பதால், ஊர் அதன் பெயரை அவருக்கே வைத்துவிட்டது. ஆதார் அட்டையில் வேறு பெயர் இருக்க வேண்டும். நான் கேட்டதில்லை.

அப்போது நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தால்கூட வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார். அந்தச் சமயத்தில் பஸ் ஸ்டாண்டில் ‘லேக் வியூ நகர்’ என்று ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் அன்னப்பறவை நீந்தியது. பின்னால் பனிமலை. சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் சாலையில் பனிமலை எங்கே வந்தது என்று என் மனைவி கேட்கவில்லை. “பாத்துட்டு வந்துடலாங்க” என்றாள். நான் அரை நாள் லீவு போட்டேன்.

இடத்தின் உண்மையான பெயர் வேண்டாம். கோரை ஏரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓரத்தை மூடி, கலர்க் கொடி கட்டி, சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டிருந்தார்கள். எங்களை அழைத்துப்போன மடையான், இறங்கியதும் என் மனைவியிடம் சொன்னார்.

“தங்கச்சி, செருப்பக் கழட்டிட்டு நாலடி நடம்மா.”

நடந்தாள். கணுக்கால் வரை உள்ளே இறங்கியது.

“என்னாண்ணே, சொதசொதன்னு இருக்கு?”

“ஏரி வேற எப்பிடிம்மா இருக்கும்?”

“மனைன்னுதானே போட்டிருந்தாங்க?”

“போட்டது அவுங்க. இருக்கறது ஏரி. தோ பாரு, நண்டு வளை. இந்த மனைக்கு ஏற்கெனவே ஆளு குடி வந்துட்டான். அங்க பாரு, மடையான் நிக்கிறான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். என் மனைவி தங்கச்சி ஆகிவிட்டதால் நான் தானாகவே மச்சான் ஆகியிருந்தேன். “மச்சான், ஒண்ணு சொல்றன் கேட்டுக்குங்க. மடையான் நிக்கற எடத்துல வூடு கட்டுனா, கட்டுனவன்தான் மடையன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அரை நாள் லீவு இப்படிச் சேற்றில் போனால் யாருக்குத்தான் ஏறாது? “இத ஃபோன்லயே சொல்லியிருக்கலாமேய்யா!” என்று கத்தினேன்.

“ஃபோன்ல சொன்னா நம்புவீங்களா? அந்த மலையக் காட்டித்தான தங்கச்சியே மயங்குச்சி” என்றார். காலைக் கழுவிக்கொண்டு பக்கத்து டீக்கடையில் டீ குடித்தோம்.

அந்த டீக்கடையில்தான் விஷயம் தெரிந்தது. அவர் வீடு ஏரிக்குக் கீழே, கலிங்கில் வழிகிற தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. லேக் வியூ நகரின் அடுத்த கட்டமான ‘இரண்டாம் பேஸ்’ வந்தால் மிச்ச ஏரியையும் மூடிவிடுவார்கள். “மூடுனா தண்ணி எங்க போவும் மச்சான்? நேரா எங்க தெருவுக்குத்தான். போன பெருமழைக்கே எங்கம்மாவ அண்டாவுல உக்கார வச்சித் தள்ளிக்கினு போனன்” என்றார்.

“அப்புறம் ஏன்யா அந்த லேக் வியூ முதலாளிகிட்டயே வேலை பாக்கறீங்க?”

“நான் உட்டுட்டுப் போனா, விக்கத் தெரிஞ்சவன் வந்துடுவான்ல?”

இதைவிடத் தெளிவான கொள்கை விளக்கத்தை நான் எந்தக் கட்சியிடமும் கேட்டதில்லை.

அந்த முதலாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பரம சைவம். வடலூருக்குப் போய்வந்த பிறகு முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடுவதில்லை. நடக்கும்போது எறும்பை மிதிக்கக் கூடாது என்று குனிந்தே நடப்பார். எறும்பை மிதிக்க மாட்டார், ஏரியை மட்டும் மூடுவார். ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து வேன் வைத்து ஆட்களைக் கூட்டி வந்து, புளிசாதம் போட்டு மனை காட்டுவார். வேனில் மைக் பிடிக்கும் பொறுப்பை, விதியின் விளையாட்டாக, மடையானிடம் கொடுத்திருந்தார்.

“லெஃப்ட்ல பாருங்க, நாமக்கோழி. நெத்தியில வெள்ள நாமம் போட்டுக்கினு போவுது பாருங்க. மனை வாங்குனா நமக்கும் அதே நாமந்தான்” என்பார் மைக்கில். வேன் சிரிக்கும். புளிசாதம் தீரும். ஒரு மனையும் போகாது. ராசி சரியில்லை என்று முதலாளி நுழைவு வளைவை இடித்து வேறு திசையில் கட்டினார்.

மடையான் சொன்னதெல்லாம் சரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாதி உளறல். குளிர்காலத்தில் வருகிற வாத்துகள் ரஷ்யாவிலிருந்து விசா இல்லாமல் வருவதாகவும், நடராஜர் கோயில் கோபுரத்தைப் பார்த்துத்தான் ஏரிக்கு லெஃப்ட் திரும்புவதாகவும் சாதிப்பார். டீக்கடையில் ஒரு விலங்கியல் வாத்தியார் அப்படியெல்லாம் கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். “நீங்க வாத்தா சார்?” என்று கேட்டார் மடையான். வாத்தியார் அதோடு அந்தக் கடைக்கு டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டார். பிச்சாவரத்தில் ஒரு சுரபுன்னைக் கிளையை ஒடித்தால் அடுத்த புயலில் பரங்கிப்பேட்டையில் ஒரு கூரை பறக்கும் என்பார். கணக்கு அவருடையது, விஷயம் பொய்யில்லை. ஒரு தடவை மட்டும் உளறாமல் சொன்னார்: “ஏரின்னா தண்ணி இருக்கற எடம் மட்டும் இல்ல மச்சான். தண்ணி வந்தா ஒதுங்கி எடம் குடுக்கற எடம்.”

இப்படியிருக்கும்போது சதுப்பு நில தினம் வந்தது. சதுப்பு நிலத்தைக் காப்பது பற்றி ஏ.சி. ஹாலில் கூட்டம். மேடையில் பென்குவின் படம் போட்ட ஃப்ளெக்ஸ். ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். உபயம், லேக் வியூ நகர் முதலாளி. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாகச் சொல்வார்கள். இந்த ஓநாய் ஆட்டுக்குச் சால்வையே போர்த்தியது.

தலைமை ஏற்ற அதிகாரி எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பேஸுக்கு அவர் கையெழுத்துதான் பாக்கி என்பது போதும். அந்த இடம் ‘தண்ணீர் நிற்காத தரிசு’ என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் இயற்கையைக் காப்பாற்ற எல்லாரும் கோரை ஏரிக்குப் போனார்கள். ஏரியைக் காப்பதற்காக ஏரிக்குள்ளேயே மரக்கன்று நடுவது திட்டம். அதிகாரி பேண்டை மடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினார். கையில் கன்று, சட்டையில் மைக்.

அவர் காலுக்குப் பக்கத்தில், கோரைக்குள், ஒரு மடையான் நின்றிருந்தது. எங்கள் மடையான் அதைப் பார்த்துவிட்டார். மிதித்துவிடப் போகிறாரே என்ற பதற்றத்தில் கரையிலிருந்து அலறினார்.

“சார்! அசையாதீங்க! மடையான்!”

துணைக்கால் காற்றில் போய்விட்டது. அதிகாரி காதில் விழுந்தது மற்றதுதான்.

“யாரப் பாத்துடா மடையன்னு சொன்ன?” மைக்கில் முழங்கினார். “ஏரிக்குள்ள வந்து நிக்கறேன்! முழங்கால் தண்ணியில, இந்த ஏரிக்குள்ள நிக்கற என்னப் பாத்தா மடையன்ங்கற?”

சத்தத்தில் அந்தக் கொக்கு வெள்ளையாக எழுந்து பறந்தது. கரையில் இருந்த அத்தனை செல்போனும் ஓடிக்கொண்டிருந்தன. முதலாளியின் முகம் அவர் வேட்டி நிறத்துக்கு வந்தது.

மடையானை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். செய்தி வந்தபோது நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். “எங்கண்ணன் ஸ்டேஷன்ல இருக்காரு, உங்களுக்குச் சோறு கேக்குதா?” என்று என் மனைவி தட்டை எடுத்துவிட்டாள். ஓடினேன்.

“மடையான்னா கொக்குதான்யா, எனக்கும் தெரியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர். “ஆனா அசையாதன்னு யாரச் சொன்ன?”

“அவரத்தாங்க.”

“மடையான்னு யாரச் சொன்ன?”

“கொக்கங்க.”

“ஒரே மூச்சுல ரெண்டு பேர ஏன்யா கூப்புட்ட?”

“ரெண்டும் ஒரே எடத்துல நின்னுச்சுங்க.”

இன்ஸ்பெக்டர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது தெரிந்தது. பிறகு எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

அதற்குள் வாட்ஸ்அப்பில் கடலூர் ஜில்லா முழுக்க அதிகாரி ‘ஏரிக்குள்ள நிக்கறேன், ஏரிக்குள்ள நிக்கறேன்’ என்று முழங்கிக்கொண்டிருந்தார். தன் வாயால் ஊரறிய ஏரி என்று சொன்ன இடத்தை, அவர் எந்தக் கையால் தரிசு என்று எழுதுவார்? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. முன்பணம் கட்டியவர்கள் வீடியோவைக் காட்டிச் சண்டைக்கு வந்தார்கள். இரண்டாம் பேஸ் நின்றது.

மடையானுக்கு வேலை போனது. வேறு எந்த மனைக்காரரும் அவரைக் கிட்டே சேர்க்கவில்லை. அந்த ஐப்பசியில் ஊற்றிய மழையில் ஏரி வயிறு முட்டக் குடித்தது. அவர் தெருவில் வாசல் கோலம்கூடக் கலையவில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் அண்டா சமையற்கட்டிலேயே இருந்தது. தெருக்காரர்கள் ஒருவரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. “இந்த வருசம் மழை கம்மி” என்றார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. வேலையை விட்டுக்கொடுத்து ஒரு மனிதர் தெருவைக் காப்பாற்றியிருக்கிறார், கூப்பிட்டு ஒரு காப்பி கொடுக்கக்கூடாதா? அவரிடமே பொருமினேன். “உடுங்க மச்சான், அவுங்க வூட்ல தண்ணி வரல, அது போதும்” என்று சொல்லிவிட்டு, மேட்டுப் பக்கம் கூட்டிப்போய் எங்களுக்கு ஒரு மனை காட்டினார். “இங்க மடையான் தல வச்சும் படுக்காது. தைரியமா கட்டுங்க.” அந்த வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்போது அவர் கல்யாணத் தரகர். தொழில்தான் மாறியிருக்கிறது. “மாப்ள நல்ல வேலை, சொந்த வூடு, கோவம் மட்டும் ஜாஸ்தி. வேணாம்மா” என்று பெண் வீட்டில் அவரே சொல்லிவிட்டு, கொடுத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு வந்துவிடுகிறார். பிழைக்கத் தெரியாதவர் என்று ஊர் சிரிக்கிறது. நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன்.

எங்கள் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். பெரிய பெரிய தரகர்களெல்லாம் வந்து கேட்டார்கள். ஜாதகத்தை அவர் ஒருவரிடம்தான் கொடுத்திருக்கிறேன்.