தாய்மாமன் துண்டும் என் கார் கண்ணாடியும்

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்துச்சு. என் மச்சினன் கார்த்திக்கைக் கார்ல ஏத்திக்கிட்டுப் போயி, திருச்சுழிப் பக்கம் ஒரு ஊர்ல பொண்ணு பாக்குற வீட்டுல இறக்கி விடணும்.

அவ்வளவுதான் மக்களே. இதைக்கூட ஒழுங்காச் செய்யலைன்னு இப்ப ரெண்டு குடும்பமும் ஒத்துமையாச் சொல்லுது.

முதல்ல காரைப் பத்திச் சொல்லிடுறேன். பழைய ஸ்போர்ட்ஸ் காரு. செவப்புக் கலரு, ரெண்டே கதவு, தரையோட தரையா இருக்கும். அருப்புக்கோட்டையில ஸ்பீடு பிரேக்கர் தாண்டுறப்ப அது போடுற சத்தத்துல நாயெல்லாம் எந்திரிச்சு நிக்கும். பின்னாடி சீட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஆளு உக்கார முடியாது, மடிச்சு வைக்கலாம்.

ஏசி, நான் வாங்குறதுக்கு முன்னாடியே காலமாயிடுச்சு. அதனால கண்ணாடிய இறக்கி விட்டுத்தான் ஓட்டணும். பந்தல்குடி ரோட்டுல எதிர்ல லோடு லாரி வந்தா, புழுதிக்குப் பயந்து கண்ணாடிய உடனே ஏத்தணும். பவர் விண்டோதான். ஆனா பழசு. சுவிட்ச்ச அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் ஏறும். அது மேல வந்து சேர்றதுக்குள்ள லாரி தூத்துக்குடிக்கே போயிரும். புழுதி எங்க மடியில இருக்கும்.

அப்பத்தான் ஆன்லைன்ல ஒரு சின்னப் பெட்டியப் பாத்தேன். காருக்குள்ள இதை மாட்டிட்டா, ஒரு தட்டு தட்டுனாப் போதும், கண்ணாடி தானா முழுசா ஏறும், தானா முழுசா இறங்கும். கதவை லாக் பண்ணாலும் ரெண்டு கண்ணாடியும் தானா ஏறிக்கும்.

என் பொண்டாட்டி மலர்கிட்டக் காட்டுனேன்.

"ஏங்க, ஒரு விரல வச்சு அமுக்கிப் பிடிக்கிறதுல உங்களுக்கு என்னங்க கஷ்டம்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது மலரு. இது டெக்னாலஜி."

டெக்னாலஜி சனிக்கிழமை வந்து இறங்குச்சு. நேரா பைபாஸ்ல இருக்குற எலக்ட்ரீசியன் செல்வத்துக்கிட்டப் போனேன். அவன் பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"இத மாதிரி எத்தனையோ போட்டிருக்கேண்ணே!"

சொல்லிட்டு, போன எடுத்து "இதை எப்படிப் போடுறது"ன்னு வீடியோ தேடுனான்.

வீடியோவுல ஒருத்தர் இந்தியில பேசுனாரு. செல்வத்துக்கு இந்தி தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனா ரெண்டு பேரும் தலைய ஆட்டிக்கிட்டே பாத்தோம். நடுவுல அவரு கையத் தூக்கி, மொகத்தக் கடுமையா வச்சுக்கிட்டு, ஒரு ஒயரக் காட்டி என்னமோ மூணு தடவை சொன்னாரு.

"என்னடா செல்வம் சொல்றாரு?"

"லைக் போடச் சொல்றாருண்ணே."

சரின்னு லைக் போட்டோம்.

சாயங்காலம் வேலை முடிஞ்சிருச்சு. ஒரே ஒரு சின்னக் கோளாறு. டிரைவர் கதவுல இருக்குற என் சுவிட்ச்ச தட்டுனா, மலரு பக்கத்துக் கண்ணாடி இறங்குது. அவ பக்கத்து சுவிட்ச்ச தட்டுனா என் கண்ணாடி இறங்குது.

"மாறிப்போச்சு போலண்ணே. பழகிக்குங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்."

மறுநாள் பொண்ணு பாக்கப் போகணும், திரும்பப் பிரிக்க நேரமில்ல. சரி, பழகிக்குவோம்னு வந்துட்டேன். எம் பொழப்புல என் கண்ணாடி அவ கையில இருக்குறது ஒண்ணும் புதுசு இல்லையே.

ஞாயித்துக்கிழமை காலையில கெளம்புனோம். மாமனாரும் மாமியாரும் முன்னாடியே வேன்ல போயிட்டாக. நானும் மலரும் முன் சீட்டுல. கார்த்திக்கு பட்டு வேட்டியோட பின்னாடி மடிஞ்சு கெடந்தான். அவனுக்கு இதுக்கு முன்னாடி பாத்த இடமெல்லாம் ஏதோ ஒரு காரணத்துல தட்டிப்போச்சு. பாவம், இந்தப் பொண்ணோட போட்டோவ மட்டும் போன்ல தனியா வச்சிருந்தான்.

"மச்சான், அங்க பொண்ணோட தாய்மாமன் ஒருத்தரு இருக்காராம். அவரு தலையாட்டுனாத்தான் அந்த வீட்டுல எதுவும் நடக்குமாம். கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

"ஏலே, நான் பாத்துக்கிறேன். நீ வேட்டி கசங்காம உக்காரு."

தெரு முக்குலயே எங்க ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் நின்னாரு. எனக்குப் பாடம் நடத்துனவரு. கைய நீட்டுனாரு. நிறுத்துனேன்.

"என்னப்பா, குடும்பத்தோட எங்க..."

சர்ருன்னு கண்ணாடி ஏறிருச்சு. அவரு மூக்குக்கும் கண்ணாடிக்கும் ஒரு விரக்கடைதான் இடைவெளி. வெளிய அவரு வாயசைக்கிறது மட்டும் தெரியுது.

"எதுக்குங்க ஏத்துனீக?"ன்னா மலரு.

"நான் எங்க ஏத்துனேன்? என் கண்ணாடிக்கு சுவிட்ச்சு உங்கிட்டத்தான இருக்கு! நீதான் முழங்கைய வச்சிருப்ப!"

"எம் முழங்கை எம் மடியில இருக்கு!"

நாங்க முடிவு பண்றதுக்குள்ள சாரு வேகமா நடந்து போயிட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கல.

அடுத்து பூக்கடை. மலரு அவ பக்கத்துக் கண்ணாடி வழியா கைய நீட்டி பூ வாங்குனா. கண்ணாடி ஏற ஆரம்பிச்சிருச்சு. கைய உருவிட்டா, பூவு மாட்டிக்கிச்சு. பாதி மல்லிகை உள்ள, பாதி வெளிய. பாக்குறதுக்கு என்னமோ காருக்குக் கல்யாணம் மாதிரி இருந்துச்சு.

ஊரு எல்லையில போலீஸ்காரரு ஒருத்தரு கை காட்டுனாரு. நான் பவ்யமா நிறுத்தி, சிரிச்சுக்கிட்டே, "வணக்கம் சார்"னேன்.

சர்ருன்னு ஏறிருச்சு.

சிரிச்ச மொகத்தோட, ஒரு போலீஸ்காரர் மொகத்துக்கு நேரா கண்ணாடிய ஏத்துனா அவுகளுக்கு எப்படி இருக்கும்? கீழ எறக்குனாரு. என்னைய.

"பேப்பரக் காட்டு. டிக்கியத் தொற. ஊது."

எல்லாம் சரியா இருந்துச்சு. அதுல அவருக்கு இன்னும் கோவம். கடைசியில, "மரியாதை தெரியாதா உனக்கு?"ன்னு கேட்டு அனுப்பிட்டாரு.

"எனக்கு மரியாதை தெரியும் சார், என் காருக்குத்தான் தெரியல"ன்னு சொன்னேன். மனசுக்குள்ளதான்.

திருச்சுழி ரோட்டுல ஆளு இல்ல, அதனால தொந்தரவும் இல்ல. ரெண்டு பக்கமும் கரிசக்காடு, சீமைக்கருவேல். காத்து அனலா அடிக்குது. "புதுசுல அப்படித்தான் இருக்கும், செட்டாயிருச்சு பாரு"ன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

ஊருக்குத் திரும்புற விலக்குல, வழி காட்டுறதுக்காக ஒருத்தரு நின்னுக்கிட்டிருந்தாரு. பெரிய மீசை. சலவை வேட்டி. தோள்ல சரிகைக் கரை போட்ட புதுத் துண்டு.

"மச்சான், இவரு தாய்மாமன்!" கார்த்திக்கு பின்னாலருந்து மூச்சு விடாம சொன்னான்.

அந்த இடம் கண்மாய்க்கரையில இருந்து ஊருக்குள்ள சரிவா இறங்குற பாதை. என் காருக்குக் கை பிரேக்கு பேருக்குத்தான். அதனால கால் பிரேக்க நல்லா அமுக்குனேன். அவரு குனிஞ்சு, ரெண்டு கையும் கூப்பி, வாய் நிறைய, "வாங்க தம்பி, வா..."

சர்ர்ர்ர்!

"...ங்க" வெளியவே நின்னுபோச்சு.

"மலரு! எறக்கு! என் கண்ணாடிய எறக்கு!"

மலரு தட்டுனா. கண்ணாடி ரெண்டு இஞ்சு இறங்குச்சு. அவரு சரி, ஏதோ கைபட்டிருக்கும்னு நெனச்சு திரும்பக் குனிஞ்சாரு. திரும்பவும் ஏறிருச்சு.

ஒரு தடவை ஏத்துனா தப்பு. ரெண்டாவது தடவை ஏத்துனா அது கருத்து.

ஆனா இந்த ரெண்டாவது தடவையில இன்னொண்ணும் நடந்துபோச்சு. அவரு குனிஞ்சப்ப துண்டோட நுனி உள்ள விழுந்திருக்கு. கண்ணாடி அதைக் கவ்விக்கிச்சு.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஓடுனது காருதான். பதட்டத்துல பிரேக்குல இருந்து கால எடுத்துட்டேன்.

மாட்டு வண்டி வேகத்துலதான் உருளுது. ஆனா உருளுது. அவரு துண்டோட மறு நுனியப் பிடிச்சுக்கிட்டு கூடவே நடந்து வாராரு.

"தம்பி! நிறுத்துங்க!"

பிரேக்க அமுக்குனேன். கண்ணாடி இன்னும் இறுக்கிக் கடிச்சிச்சு. பயந்துபோயி கால எடுத்தேன். திரும்ப உருண்டுச்சு.

"ஐயா, துண்ட விட்டுருங்க ஐயா!"ன்னு கண்ணாடிக்குள்ள இருந்து கத்துனேன்.

அவருக்குக் கேட்டுருச்சு.

"நான் எதுக்கு விடணும்? எந் துண்டு!"

நியாயந்தான்.

அப்பத்தான் பின்னாலருந்து கார்த்திக்கு கத்துனான்: "மச்சான்! நீங்க பிரேக் போடுறப்பல்லாம்தான் கண்ணாடி ஏறுது!"

ஒரு நொடியில எல்லாம் வெளங்கிருச்சு. கதவு லாக்கோட சேர வேண்டிய ஒயர, செல்வம் பிரேக் லைட் ஒயர்ல முறுக்கி விட்டிருக்கான். அந்த இந்திக்காரரு மூணு தடவை சொன்னது லைக் போடச் சொல்லி இல்ல!

வெளங்கி என்ன செய்ய? பிரேக் போட்டா துண்டு போகும். போடலைன்னா காரு போகும். இப்ப நாங்க ஊருக்குள்ளயே வந்துட்டோம். ஆட்டுக்குட்டியெல்லாம் ஒதுங்கி வழி விடுது. வீட்டு வாசல்ல உக்காந்திருந்த பொம்பளைக, இது ஏதோ டவுன்காரக மரியாதை முறை போலன்னு நெனச்சு எந்திரிச்சு நின்னு கும்பிட்டாக. முன்னாடி செவப்புக் காரு, பக்கத்துல துண்டப் பிடிச்சுக்கிட்டு தாய்மாமன். சாமி ஊர்வலம் மாதிரி போய்க்கிட்டிருக்கோம்.

பொண்ணு வீடு வந்துச்சு. வாசல்ல எங்க மாமனாரு நின்னாரு. அவரு மொகத்த நான் வர்ணிக்க விரும்பல.

வீட்டுக்குப் பக்கத்துல சோளத்தட்டைய அடுக்கி வச்ச படப்பு ஒண்ணு. காரு மெதுவாப் போயி அதுல மொகத்தப் புதைச்சு நின்னுச்சு. நான் பிரேக்கு போடல. படப்புதான் போட்டுச்சு.

மலரு சுவிட்ச்ச தட்டுனா. கண்ணாடி, ஒண்ணுமே தெரியாத பிள்ளை மாதிரி, முழுசா இறங்குச்சு. தாய்மாமன் துண்ட எடுத்து உதறிப் பாத்தாரு. புதுத் துண்டுல கண்ணாடி ரப்பரோட கருப்புக் கோடு. விறுவிறுன்னு உள்ள போயிட்டாரு.

மலரு பக்கத்துக் கதவத் தொறக்க முடியல, படப்பு அடைச்சிருச்சு. என் பக்கத்துல ஒரு கல்லுத்தொட்டி. கதவு கால்வாசிதான் தொறக்குது. மலரு எப்படியோ நுழைஞ்சு வெளிய வந்துட்டா. நானும் வந்துட்டேன். பின் சீட்டுல இருந்த மாப்பிள்ளைக்கு அந்த வழியும் பத்தல. கடைசியில என் கண்ணாடி வழியா, தலை முதல்ல, கை ரெண்டையும் தரையில ஊணி வெளிய வந்தான். பட்டு வேட்டி பாதி காருக்குள்ள. தலை பூரா சோளத் தோகை.

அப்ப ஜன்னல் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டுச்சு பாருங்க! அடக்கப் பாத்து, முடியாம, மூக்கு வழியா வெடிச்ச சிரிப்பு. பொண்ணு!

நாங்க பொண்ணு பாக்கப் போனோம். அந்தப் பிள்ளைதான் மாப்பிள்ளையப் பாத்துச்சு. அதுவும் தலைகீழா.

உள்ள போயி உக்காந்தோம். மிக்சர் கடிக்கிற சத்தம்கூடப் பெருசாக் கேட்டுச்சு. மலரு என் காதுக்கிட்ட வந்து, "இந்த இடமும் போச்சுன்னா, இனி நீங்க எங்க அப்பா வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது"ன்னா. கார்த்திக்கு தலையக் குனிஞ்சு, வேட்டியில ஒட்டுன தோகைய ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டிருந்தான். அதைப் பாத்துட்டு நான் எந்திரிச்சு நின்னேன்.

"ஐயா, தப்பு பூரா எம்மேலதான். பையன் தங்கமான பையன். காரு என்னுது, கிறுக்குத்தனமும் என்னுது. அவனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

தாய்மாமன் என்னையப் பாக்கவே இல்ல. துண்ட மடிச்சு மடியில வச்சுக்கிட்டு, கார்த்திக்கப் பாத்தாரு.

"தம்பிக்குக் காரு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க. பைக்குதான்."

"வாங்குற எண்ணம் இருக்கா?"

"சத்தியமா இல்லைங்க!"

அவரு உள்பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்ற?"ன்னாரு.

உள்ள இருந்து திரும்ப அந்த மூக்குச் சிரிப்புதான் வந்துச்சு. பொண்ணோட அம்மா எட்டிப் பாத்து, "அவ சிரிப்ப நிப்பாட்டவே மாட்டேங்குறாண்ணே. போன தடவை வேற மாப்பிள்ளை வீட்டுக்காரக பாக்க வந்தப்ப அழுதுக்கிட்டு இருந்தா"ன்னு சொன்னாக.

மீசை கொஞ்சம் அசஞ்சுச்சு. தலையும் அசஞ்சுச்சு. அப்புறந்தான் என் பக்கம் திரும்புனாரு.

"காப்பியக் குடிங்க மாப்ள. ஆறுது."

என்னைய மாப்ளன்னு உறவு சொல்லிட்டாரு! கார்த்திக்கு என் கையப் பிடிச்ச பிடியில காப்பி பாதி என் சட்டையில.

வெளிய வந்து செல்வத்துக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டான்.

"பெட்டி நல்லா வேலை செய்யுதுல்லண்ணே? அப்ப நீங்கதான் பிரேக்க கொஞ்சம் கொறச்சுக்கணும்."

நிச்சயதார்த்தத்துக்கு நாங்க பஸ்ஸுலதான் போனோம். ஜன்னல் சீட்டுல மட்டும் என்னைய உக்கார விடல.