பெண் பார்க்கப் போய்த் தூண்டில் போட்ட கதை

உலகத்தில் சில சாமான்களுக்கு எண்ணெய் போட வேண்டும். சிலவற்றுக்குப் போடவே கூடாது. இந்த வித்தியாசம் தெரியாத ஒருவன் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். என்ன செய்ய, நான் செய்துகொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் காகிதக் கட்டோடு மேலே ஏறிக் கையெழுத்து வாங்கி வருவது என் வேலை. இதைத் தவிர எனக்கு இருந்த ஒரே தகுதி, காப்பிப்பொடி நிறத்தில் ஒரு டெரிலின் பெல்பாட்டம். நான் நடந்து போனால் பின்னாலேயே தெரு சுத்தமாகிவிடும், கீழே அவ்வளவு அகலம். (முனிசிபாலிட்டி எனக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.)

என் சித்தப்பா ஆத்தூர்ப் பக்கம் எனக்குப் பெண் பார்த்தார். பெண்ணின் அப்பா மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வயலையும் வெற்றிலைக் கொடிக்காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் துரைமார்களோடு ஓடையில் மீன் பிடித்துப் பழகியவர். ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன சீமைத் தூண்டில் கம்பு ஒன்று அவரிடம் இருந்தது. நனைந்தால் துடைப்பார், நிழலில் உலர்த்துவார், துணி உறையில் போட்டு ஆணியில் நெட்டுக்குத்தாகத் தொங்கவிடுவார். சுவரில் சாய்த்து வைத்தால் கம்பு வளைந்துபோகுமாம். அதை எடுத்துப் பார்த்துவிட்டு மூலையில் சாத்திவைத்த ஒரு மாப்பிள்ளைப் பையனை, பஜ்ஜி ஆறுவதற்குள் பஸ் ஏற்றிவிட்டார் என்று ஊரில் பேச்சு.

சித்தப்பா லேசுப்பட்டவரா? முதல் பேச்சிலேயே, "எங்க பையனுக்கும் தூண்டில்னா உசுருல்லா. ஞாயித்துக்கிழமையானா வீடு தங்க மாட்டான்" என்று அடித்துவிட்டார். (வீடு தங்காதது உண்மைதான். மேட்னி ஷோ.)

"அப்ப பொண்ணு பாக்க வரும்போது கம்பையும் கொண்டாரச் சொல்லுங்க. காலைல கொஞ்ச நேரம் ஆத்துல உக்காருவோம்" என்று அவர் சொல்லி அனுப்பினார்.

நான் பதறிப்போனேன். "சித்தப்பா, எனக்கு அத எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதே."

"ஏலே, கம்ப நீட்டிக்கிட்டுச் சும்மா உக்காரணும், அம்புட்டுதானல? ஆபீசுல அதத்தான செய்யுத?"

கம்பு கிடைத்துவிட்டது. அடிக்கடி வந்துபோகும் ஒரு கப்பலின் இன்ஜினியருக்கு, வரும்போதெல்லாம் நான் மக்ரூன் வாங்கிக் கொடுப்பது வழக்கம். விஷயத்தைச் சைகையில் சொன்னதும், தன்னுடைய ஃபைபர் கம்பு ஒன்றை ரீலோடு எடுத்துத் தந்துவிட்டார். இரண்டு துண்டாக இருந்தது. மேல் துண்டைக் கீழ்த் துண்டுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். அவருடைய பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. ஒரு எண்ணெய் டப்பாவைக் காட்டி, ரீலில் ஒரு சொட்டு விட்டுத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு இரண்டு துண்டும் சேரும் மூட்டைத் தொட்டு, தலையை இடமும் வலமும் ஆட்டினார். நம் ஊரில் இடமும் வலமும் ஆட்டினால் என்ன அர்த்தம்? 'ஆகட்டும், பேஷாகச் செய்' என்றுதானே? வீட்டுக்கு வந்ததும் அந்த மூட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசினேன். மிச்சத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டேன்.

அடுத்து நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, வாங்க வேண்டும். வலைச் சாமான் கடைக்குப் போனேன். கடலுக்குப் போகிறவர்கள் வாங்கும் கடை அது.

"எந்த மீனுக்குத் தம்பி?" என்று கேட்டார் கடை அண்ணாச்சி.

எந்த மீன் என்று எனக்கு என்ன தெரியும்? "பெரிய மீனு" என்றேன்.

"பெருசுன்னா?"

"ரொம்பப் பெருசு அண்ணாச்சி."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு கண்டு நைலான் நரம்பு எடுத்து வந்தார். கிட்டத்தட்ட கொடிக்கம்பி. "சுறா இழுத்தாலும் அறாது, பயப்படாம கொண்டு போங்க." அதை ரீலில் விளிம்பு வரை சுற்றினேன். பெண் வீட்டில் பஞ்சமாகத் தெரியக்கூடாது என்று அதற்கு மேலேயும் சுற்றினேன். ரீல் பலாப்பழம் மாதிரி உப்பிவிட்டது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் வீட்டுக்குப் போய் இறங்கினோம். பெண்ணை முறைப்படி காட்டுவது பத்தரை மணிக்கு மேல்தான், நல்ல நேரம் அப்போதுதான் வருகிறது என்றார்கள். அதுவரைக்கும் ஆறு. மாமாவின் (அப்படித்தான் கூப்பிடச் சொல்லிச் சித்தப்பா பழக்கியிருந்தார்) கண் என் முகத்துக்கு வரவே இல்லை, நேரே கம்புக்குப் போனது. உறையை அவிழ்த்துத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ரீலைப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது.

"நரம்பு தடிமனா இருக்கே தம்பி? கெண்டைக்கு இது ஆகாதே. மீனு பாத்துட்டுப் போயிருமே."

"எனக்கு இதுதான் மாமா கைக்கு வாகு" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கொடிக்காலைத் தாண்டினால் படித்துறை. தாமிரபரணி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மாமா மண்புழுவைக் கோத்து, கையை அசைத்த மாதிரியே தெரியாமல் வீசினார். தக்கை தண்ணீரில் பூ விழுந்த மாதிரி உட்கார்ந்தது.

"நீங்க போடுங்க தம்பி."

சித்தப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சும்மா வீசிக் காட்டுலே" என்றார் பெருமையாக.

கம்பைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனேன். தூண்டில் முள் எதிலோ மாட்டியது. ஏதோ செடி, வேகமாக இழுத்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். முள் மாட்டியது என் பெல்பாட்டத்தின் பின்பக்கத்தில், உட்காரும் இடத்தில். அது தெரியாமல் உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் கூட்டி முன்னால் வீசினேன்.

எண்ணெய் தன் வேலையைக் காட்டியது. மேல் துண்டு கழன்று வேல் மாதிரி பறந்து நடு ஆற்றில் விழுந்தது. கீழ்த் துண்டு மட்டும் என் கையில். உப்பியிருந்த ரீலிலிருந்து நரம்பு சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வந்து என் கழுத்தில் மாலையாக விழுந்தது. சித்தப்பாவின் காலிலும் இரண்டு சுற்றுச் சுற்றியது. அவர் கொஞ்சம் கனத்த சரீரம். ஒரு அடி எடுத்துவைக்கப் பார்த்துப் படியில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கும் உத்தேசமே இல்லாமல் இருந்துவிட்டார்.

"கம்பு! கம்பு போகுது!" என்று கத்திக்கொண்டு மாமா வேட்டியோடு ஆற்றில் குதித்தார்.

மேல் துண்டை ஆறு இழுத்தது. நரம்பு அதன் வளையங்களுக்குள் ஓடி, திரும்பி என் பேன்ட்டுக்கு வருகிறதே? ஆறு அதை இழுக்க, அது என்னை இழுத்தது. பின்பக்கம் முன்னால் போக, நான் ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி படி படியாக இறங்கினேன். சாதாரண நரம்பாக இருந்தால் அறுந்து தொலைத்திருக்கும். இது சுறாவுக்கு வாங்கியது. டெரிலினும் கிழிய மாட்டேன் என்றது.

முழங்கால் தண்ணீரில் நான் நின்ற அந்த நேரத்தில்தான், காப்பித் தூக்குச்சட்டியோடு அத்தையும் (பெண்ணின் அம்மா), அவருக்குப் பின்னால் ஒரு பெண்ணும் வந்தார்கள். இந்தப் பெண்ணை நான் பத்தரை மணிக்கு மேல்தான் பார்த்திருக்க வேண்டும். அவளும் என்னை முன்பக்கமாகத்தான் பார்த்திருக்க வேண்டும்.

"ஐயையோ, ஏளா கோமதி, அந்த நரம்ப அறுத்து விடு! பையன் ஆத்தோட போயிருவான்!" என்று அத்தை அலறினார்.

ஆற்றுக்குள்ளிருந்து மாமா அதைவிடச் சத்தமாகக் கத்தினார். "அறுக்காதீங்க! அறுத்தா கம்பு உருவிக்கிட்டுப் போயிரும்!"

எனக்கு ஒரு சந்தேகமும் இல்லாமல் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் யாரைக் காப்பாற்றுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

மாமா படியில் வைத்திருந்த தூண்டில் சாமான் தகரப் பெட்டியிலிருந்து அத்தை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். "நரம்ப அறுக்கக் கூடாதுன்னா துணியத்தான் வெட்டணும்" என்று எதையோ பிடித்தார். அது துணி இல்லை. நான் துள்ளினேன்.

"அம்மா, கண்ணாடி இல்லாம நீங்க வெட்டுனா அவரு பொறவு உக்காரவே முடியாது. இங்கன கொண்டாங்க." அதுதான் என் வருங்கால மனைவியின் குரலை நான் முதலில் கேட்டது. "ஆடாதீங்க."

"புது பேன்ட்டு..." என்றேன் ஆற்றங்கரை ஆலமரத்தைப் பார்த்துக்கொண்டு.

"தெரியுது. ஆடாதீங்க."

கத்தரிக்கோல் நான்கைந்து தரம் பேசியது. முள், ஒரு வட்டத் துணியோடு, என்னை விட்டுப் பிரிந்தது. ஆற்றுக்குள் மாமா மேல் துண்டைப் பிடித்துவிட்டார். நான் அரணாகக் கீழ்த் துண்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு கரையேறினேன். அது மெல்லிய கம்பு. ஒன்றையும் மறைக்கவில்லை.

நல்ல நேரம் வந்தது. மாமாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தேன். கோமதி அப்போதுதான் என்னை முதன்முதலாகப் பார்க்கிறவள் மாதிரி தலையைக் குனிந்தபடி காப்பி கொண்டுவந்து வைத்தாள். தோள் மட்டும் குலுங்கியது. அவள் உள்ளே போனதும் மாமா, என் கம்பின் மூட்டைத் துணியால் துடைத்து மோந்து பார்த்தார்.

"தேங்காண்ணெயா?"

"பையன் எதையும் பக்குவமா வச்சுக்கிடுவான்" என்றார் சித்தப்பா. அவருடைய ஊக்கத்தை மெச்ச வேண்டும்.

"இதுக்கு முந்தி எப்பத் தம்பி தூண்டில் போட்டீங்க?"

சித்தப்பா இருமினார். பொய் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒரு மனிதரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு அவரிடமே பொய் சொல்ல நா எழவில்லை. "இன்னைக்குக் காலைலதான் மாமா."

மாமா சிக்கல் விழுந்த நரம்பை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டே சொன்னார். "நானும் ஆத்துக்குள்ள இருந்து நரம்பப் பிடிச்சுக்கிட்டே வந்து பாத்தேன். ஒரு முனை உங்க கையில. மறுமுனை உங்க பேன்ட்டுல. ரெண்டு முனையிலயும் நீங்கதான் இருந்தீங்க. அப்ப மீனுக்கு எங்க தம்பி இடம்?"

அடுப்படிக்குள் ஒரு பாத்திரம் விழுந்தது. கூடவே கோமதியின் சிரிப்பும்.

பஸ்ஸில் வரும்போது சித்தப்பா, "முடிஞ்சுதுலே, வேற எடம் பாப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த அவசரத்தில் கம்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். சில நாள் கழித்து மாமாவே என் ஆபீசுக்கு வந்து நின்றார். சாமானைத் திருப்பித் தந்து கணக்கை முடிக்க வந்திருக்கிறார் என்று எழுந்தேன். அவர் வெறுங்கையாக இருந்தார்.

"நரம்ப மாத்திட்டேன், மெல்லிசாப் போட்டிருக்கேன். கம்பு எங்க வீட்டுலயே இருக்கட்டும், நீங்க அங்கன வந்து போய்க்கிட்டு இருங்க" என்றார். அவர் சம்மதம் சொன்ன முறை அதுதான். என்னை அவருக்குப் பிடித்ததா என்று கடைசி வரை நான் கேட்கவில்லை. கம்பைப் பிடித்திருந்தது.

கோமதியிடம் கேட்டிருக்கிறேன். "சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிட்டு. வேண்டாம்னு சொல்லத் தெம்பு இல்ல" என்றாள்.

மாமா சொன்ன அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் பழமொழியாகிவிட்டது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, எவன் மோட்டாரை அணைக்காமல் போனான் என்று நான் மாடி வீட்டுக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினால், கோமதி கீழேயிருந்து குரல் கொடுப்பாள்: "ரெண்டு முனையிலயும் அவரேதான்." நான் பேசாமல் இறங்கி வந்துவிடுவேன்.

சமீபத்தில் கயத்தாற்றிலிருந்து வந்த புது மருமகள், அப்படியென்றால் என்ன என்று கேட்டுவிட்டாள். கோமதி சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தாள். விபரீதத்தை உணர்ந்து, "இரு, நடந்தத நானே சொல்லுதேன்" என்று முந்திக்கொண்டேன்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். "நீங்க அந்தப் பக்கம் திரும்பியில்லா நின்னீங்க."